பிளேட் போடும் ஃபைல் ஒன்றுதான் இருக்க வேண்டும்: சின்ன அச்சகத்தில் கிளவுட் வைத்துக்கொள்ளும் முறை

சிவகாசியில் எங்களுடையது சின்ன ஆஃப்செட் அச்சகம். இரண்டு மெஷின், 14 பேர். மெஷின், பேப்பர், பைண்டிங் எல்லாம் மாமா பார்க்கிறார். ஆபீஸும் டிசைன் பிரிவும் என் பொறுப்பு. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் (மாதிரிப் புத்தகம்) வந்ததிலிருந்து டிசம்பர் கடைசி வரை எங்கள் ஊரில் யாருக்கும் நிற்க நேரமிருக்காது. அந்த நெருக்கடியிலும் ஃபைல் மாறாமல் இருக்க நாங்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் எழுதப் போகிறேன். கிளவுட் என்றால் இணையத்தில் ஃபைல் சேமிக்கும் இடம். நாங்கள் கூகுள் டிரைவ் வைத்திருக்கிறோம். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், பெயர்கள்தான் மாறும்.

இதில் இறங்கவைத்தது ஒரு நவம்பர் மாதம். ஒரு ஜவுளிக்கடைக்கு 3,000 தினசரி காலண்டர் அட்டை. மூன்றாவது ப்ரூஃபில் (அச்சுக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி) கடைக்காரர் புதுக் கிளையின் போன் நம்பரை மாற்றச் சொன்னார். டிசைனர் தம்பி அன்று இரவு வீட்டு லேப்டாப்பில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கடைக்காரரும் ஓகே சொல்லிவிட்டார். மறுநாள் டிசைனர் வரவில்லை. அச்சகக் கம்ப்யூட்டரில் ‘ஃபைனல்’ என்ற பெயரில் இருந்த ஃபைல் பிளேட்டுக்கு, அதாவது அச்சடிக்கும் தகட்டுக்குப் போனது. அது இரண்டாவது ப்ரூஃப். அச்சடித்து, லேமினேஷன் முடிந்து, டின் பட்டை அடிக்கும்போதுதான் ஒருவர் கண்ணில் பட்டது. கடைக்காரர் சத்தம் போடவில்லை. “என்னம்மா, நான் ஓகே சொன்னது ஒண்ணு, நீங்க அடிச்சது ஒண்ணா இருக்கே” என்று மட்டும் கேட்டார். 3,000 அட்டையையும் திரும்ப அடித்துக் கொடுத்தோம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். அந்த ஒரு வேலையின் ஃபைல் ஏழு இடங்களில் இருந்தது: இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப், ஒரு பென் டிரைவ், இரண்டு பேருடைய வாட்ஸ்அப், டிசைனரின் சொந்த ஜிமெயில். ஏழும் ஒன்றுபோல் இல்லை. டிசைனர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் யாருமே அவருக்குச் சொன்னதில்லை.

கணக்கு யார் பெயரில்?

முதல் வேலை இதுதான், இதைத் தள்ளிப்போடாதீர்கள். சின்னத் தொழில்களில் பெரும்பாலும் ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயிலில்தான் எல்லாம் தொடங்கும். 15 ஜிபி இலவசம், அதில் மெயிலும் போட்டோவும் சேர்த்தே கணக்கு. இடம் பற்றாது என்பது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, அந்த ஃபைல்களுக்கு உரிமையாளர் அவர்தான், நீங்கள் அல்ல. அவர் வேலையை விட்டுப் போனாலோ, பாஸ்வேர்ட் மறந்தாலோ, கோபித்துக்கொண்டாலோ ஐந்து வருட டிசைன் கையை விட்டுப் போகும்.

அதனால் அச்சகத்தின் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி) வாங்கி, அதில் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) கணக்கு எடுத்தோம். 14 பேருக்கும் தேவையில்லை. எனக்கு, மாமாவுக்கு, இரண்டு டிசைனர்களுக்கு, கணக்குப் பார்ப்பவருக்கு என்று ஐந்துதான். நாங்கள் எடுத்திருக்கும் பிசினஸ் ஸ்டாண்டர்ட் திட்டத்தில் ஆளுக்கு 2 டிபி இடம். அதைவிட முக்கியம், அதில் ஷேர்டு டிரைவ் உண்டு. ‘மை டிரைவ்’ என்பதில் போடும் ஃபைல் போட்டவருக்குச் சொந்தம். ஷேர்டு டிரைவில் போடுவது நிறுவனத்துக்குச் சொந்தம், போட்டவர் போனாலும் ஃபைல் போகாது. எங்கள் வேலை ஃபைல் எதையும் மை டிரைவில் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒன்டிரைவ்காரர்கள் இதற்கு ஷேர்பாயிண்ட் சைட் வைத்துக்கொள்ளலாம், டிராப்பாக்ஸில் டீம் ஃபோல்டர்.

அட்மின் பொறுப்பு இரண்டு பேருக்கு வையுங்கள். ஐந்து கணக்குக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அதற்கான பேக்கப் கோடுகளை பேப்பரில் அச்சடித்து பீரோவில் பூட்டியிருக்கிறேன். போன் தொலைந்த அன்று அந்தத் தாளின் அருமை தெரியும்.

பிளேட்டுக்குத் தனி இடம்

எங்களிடம் மூன்று ஷேர்டு டிரைவ்கள். ஒன்று ‘வேலை’, ஒன்று ‘பிளேட்’, ஒன்று ‘கணக்கு’.

‘வேலை’யில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வேலை எண்ணுக்கு ஒரு ஃபோல்டர். ஆர்டர் புக்கில் எந்த எண்ணோ, அதே எண். வாடிக்கையாளர் பெயரை வைத்துப் பிரித்தால் முருகன் ஸ்டோர்ஸ் நான்கு பேர் வருவார்கள். எண் இருந்தால் குழப்பமில்லை. அதற்குள் ‘வந்தது’, ‘ப்ரூஃப்’ என்று இரண்டே ஃபோல்டர். ஓடிக்கொண்டிருக்கும் டிசைன் ஃபைல் வெளியிலேயே இருக்கும். முதலில் ஆர்வத்தில் ஒன்பது உள் ஃபோல்டர் போட்டேன், யாரும் பின்பற்றவில்லை. அவசரத்தில் இருப்பவர் யோசிக்காமல் போடும் அளவுக்கு இருந்தால்தான் அது நிற்கும்.

ஃபைல் பெயர் இப்படி: 0412-அட்டை-ப3. வேலை எண், பொருள், எத்தனையாவது ப்ரூஃப், அவ்வளவுதான். ‘ஃபைனல்’, ‘புதுசு’, ‘லாஸ்ட்’ என்ற சொற்கள் ஃபைல் பெயரில் வரவே கூடாது. தேதி போடுவதென்றால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள், அப்போதுதான் கம்ப்யூட்டர் சரியாக அடுக்கும். தமிழில் பெயர் வைத்தால் டிரைவ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பிளேட் போடும் இடங்களில் இருக்கும் பழைய மென்பொருள்களில் சிக்கல் வருவதால் நாங்கள் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறோம்.

இப்போது ‘பிளேட்’ டிரைவ். எங்கள் ஏற்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதில் ஃபைல் போடும் உரிமை எனக்கும் மூத்த டிசைனருக்கும் மட்டும். மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. வாடிக்கையாளர் ஓகே சொன்ன ப்ரூஃப் எண்ணும் ஃபைல் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுவோம். ஒரு அட்டைக்கு ஒரு பிடிஎஃப்தான். பிளேட் போடும் இடத்துக்கு ஃபைலை அனுப்புவதில்லை, இங்கிருந்து லிங்க் மட்டும், பார்க்கவும் இறக்கவும் மட்டும் அனுமதியோடு. பென் டிரைவில் யாராவது கொண்டுவந்தால் பிளேட் போட வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.

தமிழ் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. நம் டிசைன்களில் இன்னும் பாதி, யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்களில்தான் இருக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலமும் குறிகளுமாகக் கொட்டிக்கிடக்கும். கிளவுடில் இருந்து எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற வசதி வந்ததும் இந்தத் தொல்லையும் கூடியது. எனவே கோரல்டிராவில் (டிசைன் மென்பொருள்) எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்கித்தான், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றித்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும். கர்வ்ஸ் ஆக்காத மூல ஃபைலையும், அதில் பயன்பட்ட ஃபான்ட்டையும் வேலை ஃபோல்டரிலேயே விட்டுவையுங்கள். அடுத்த வருடம் அதே கடை வரும்போது அது தேவைப்படும்.

வாடிக்கையாளரோடு

நம் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களை டிரைவுக்கு இழுக்கப் பாடுபடாதீர்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று, படம் அனுப்பும் விதம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். கடை முதலாளி முகத்தை அட்டையில் பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாக உடையும். அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்பினால் சுருங்காது, 2 ஜிபி வரை போகும். இதை நான்கு வரியில் எழுதி, புது ஆர்டர் வந்தவுடன் அனுப்பிவிடுகிறோம்.

இரண்டாவது, ஓகே. குரல் செய்தியில் வரும் ‘சரி சரி, அடிச்சிருங்க’வை ஓகேவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ப்ரூஃபின் சிறிய பிடிஎஃபை அனுப்பி, “அண்ணாச்சி, 0412-ப3 ஓகே என்று டைப் செய்து அனுப்புங்கள்” என்று கேட்பேன். வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேலை ஃபோல்டரில் போட்டுவிடுவேன். முதல் வருடம் சிலருக்கு எரிச்சல்தான். இப்போது அவர்களே எண்ணைக் கேட்கிறார்கள்.

டிரைவில் ஒரே லிங்க்கின் கீழ் புது வெர்ஷன் ஏற்றும் வசதி உண்டு. விலைப்பட்டியல் மாதிரி எப்போதும் புதியதே வேண்டும் என்கிற ஃபைலுக்கு அருமையான வசதி. ப்ரூஃபுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அவர் ஓகே சொன்னது எதற்கு என்பது மறைந்துபோகும். ஒவ்வொரு ப்ரூஃபும் தனி ஃபைலாக இருக்கட்டும்.

லிங்க் கொடுக்கும்போது ‘லிங்க் உள்ள யாரும்’ என்பதற்கும் குறிப்பிட்ட மெயிலுக்குத் தருவதற்கும் உள்ள வித்தியாசத்தை டிசைனர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதலாவது, தெருவில் விட்ட சாவி மாதிரி. யார் கைக்குப் போனாலும் திறக்கும். ஃபோல்டருக்கு ஒருபோதும் அப்படித் தரக் கூடாது. ஒற்றை ஃபைலுக்குத் தந்தாலும் டெலிவரி ஆன அன்று மூடிவிட வேண்டும். ஒரு நகைக்கடையின் அடுத்த வருட டிசைன் இன்னொரு நகைக்கடை கண்ணில் பட்டால் நம் பெயர் என்ன ஆகும்?

சிங்க் ஆகிவிட்டதா என்று பார்ப்பது

டிசைனர்கள் டிரைவின் டெஸ்க்டாப் ஆப் வழியாகத்தான் வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவ் போலத் தெரியும், அங்கேயே சேவ் செய்யலாம். ‘ஸ்ட்ரீம்’ என்ற முறையில் வைத்தால் எல்லா ஃபைலும் ஹார்ட் டிஸ்க்கை அடைக்காது. ஓடும் வேலையின் ஃபோல்டரை மட்டும் ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்துவைத்தால் நெட் போனாலும் வேலை நிற்காது.

கூகுள் ஷீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். கோரல்டிரா, போட்டோஷாப் ஃபைலில் அது நடக்காது. இரண்டு பேர் திறந்து சேவ் செய்தால் ஒருவர் வேலை போகும், அல்லது இரண்டு பிரதி உருவாகும். ஒரு வேலை ஒரு டிசைனர் கையில்தான் என்று ஆர்டர் ஷீட்டில் பெயர் எழுதிவைக்கிறோம்.

நெட் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி சொல்லும் வேகம் பெரும்பாலும் இறக்கத்துக்கானது (டவுன்லோட்), உங்களுக்கு வேண்டியது ஏற்றத்துக்கானது (அப்லோட்). நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றம் என்றால் 1 ஜிபி ஃபைல் போய்ச்சேர ஏழு நிமிடம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு சேவ் செய்துவிட்டு உடனே கம்ப்யூட்டரை அணைத்தால் அந்த ஃபைல் கிளவுடுக்குப் போயிருக்காது. ஆப் ஐகானில் ஏற்றம் முடிந்ததென்று காட்டிய பிறகே அணைக்க வேண்டும். மோடத்துக்கும் யுபிஎஸ் கொடுத்துவிடுங்கள்.

கிளவுடில் இருந்தால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிங்க் என்பது இங்கே நடப்பதை அங்கேயும் செய்வது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வைரஸ் ஃபைலைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் மேலே போகும். டிரைவில் குப்பைத்தொட்டி 30 நாளுக்குப் பிறகு தானாகக் காலியாகும். பிடிஎஃப், கோரல் போன்றவற்றின் பழைய வெர்ஷன்களும் 30 நாள் அல்லது 100 வெர்ஷன் வரைதான். ‘எப்போதும் வைத்திரு’ என்று குறித்தால்தான் அதற்கு மேல் நிற்கும். காலண்டர் தொழிலில் ஒரு ஃபைல் போனது அடுத்த ஆடியில்தான் தெரியும். ஆகவே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை ஒன்றில் நகல் எடுப்போம், அடுத்த சனி மற்றொன்றில். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்று வெளியில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் கணக்கு இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய வேலையை டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

‘கணக்கு’ டிரைவில் நானும் மாமாவும் கணக்குப் பார்ப்பவரும் மட்டும். டாலி (கணக்கு மென்பொருள்) டேட்டா ஃபோல்டரையே சிங்க் ஆகும் இடத்தில் வைத்து ஓட்டாதீர்கள், டேட்டா கெட வாய்ப்புண்டு. டாலியிலேயே பேக்கப் எடுத்து அந்த ஃபைலை மட்டும் தினமும் ஏற்றுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி பில்களையும் கணக்குகளையும் அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது, உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊழியர்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் படம் எல்லாம் எங்களிடம் பொது ஃபோல்டரில் கிடந்தன. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. முதல் நாளே எடுத்து இங்கே மாற்றினேன்.

ஆள் மாறும்போது

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே செய்ய வேண்டியது: கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி எல்லாக் கருவிகளிலும் வெளியேற்றுவது, மை டிரைவில் தவறி ஏதும் இருந்தால் அதன் உரிமையை வேறு கணக்குக்கு மாற்றுவது, அச்சக வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுப்பது. கணக்கை உடனே அழிக்க வேண்டாம். முதலில் முடக்கிவைத்து, ஒரு மாதம் கழித்து அழியுங்கள். அழித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர 20 நாள்தான் இருக்கும்.

இதை ஆரம்பிக்கச் சீசன் நடுவில் இறங்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொங்கல் முடிந்து மாசி, பங்குனி நல்ல நேரம். பழைய ஃபைல் எல்லாவற்றையும் ஏற்ற முயலவும் வேண்டாம். போன இரண்டு வருடத்து வேலைகளை மட்டும் கொண்டுவந்து, அதற்கு முந்தியவற்றை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் விட்டுவிடுங்கள். புது வேலை எண் 1-லிருந்து புது முறையில் தொடங்கட்டும். மாமா இப்போது மெஷின் பக்கத்தில் நின்றே போனில் ‘பிளேட்’ டிரைவைத் திறந்து, முதல் ஷீட் வந்ததும் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சேர்த்துப் பார்க்கிறார்.