கலப்பு ரோஜா: காய் உதிர்ந்ததும் விதை உறங்கியதும்

இரண்டு ரோஜா ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்க, சமவெளியில் பங்குனி வெயிலில் மகரந்தம் சேர்த்த காய்கள் இரண்டு, மூன்று வாரத்தில் மஞ்சளடித்து உதிர்ந்தன. சூட்டில் மகரந்தம் வீரியம் இழப்பதே காரணம். வேலையை மார்கழி, தைக்கு மாற்றியதும் காய் நின்றது.

விடியற்காலையில், தாய்ச் செடியில் பாதி விரிந்த மொட்டின் இதழ்களைப் பிய்த்துவிட்டு, வெடிக்காத மகரந்தப்பைகளை இடுக்கியால் கிள்ளி எடுக்கவும். ஒன்று தங்கினாலும் தன்மகரந்தம் சேர்ந்துவிடும். மறுநாள் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) பிசுபிசுவென்று மினுங்கும். ஓரிரவு நிழலில் உலர்த்திய மற்ற ரகத்தின் மகரந்தத்தை அப்போது விரல்நுனியால் தொட்டு வைத்து, மறுநாளும் ஒருமுறை வைக்கவும்.

வெயில் தாங்கும் குணத்துக்கு நம் நாட்டுக் காட்டினமான ரோசா கிளினோஃபில்லா அருமையான பெற்றோர். கொடைக்கானலில் ரோஜாக் கலப்பாளர் வீரராகவன் வெப்பநாட்டு ரோஜாக்களை உருவாக்க எடுத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் இதற்கு 14 குரோமோசோம், பெரிய பூப் பூக்கும் இன்றைய ஹைப்ரிட் டீ ரோஜாக்களுக்குப் பெரும்பாலும் 28. சேர்த்தால் 21 உள்ள பிள்ளை வரும், பெரும்பாலும் மலடு. 14 உள்ள பழைய டீ, சைனா ரோஜா ரகங்களோடு சேர்ப்பதே நல்லது. முதல் தலைமுறை வருடம் ஒருமுறைதான் பூக்கலாம், பிடுங்கி எறியாதீர்கள். தொடர்ந்து பூக்கும் ரகத்தோடு மறுபடி கலந்தால் அந்தக் குணம் திரும்பும்.

சுமார் நான்கு மாதத்தில் காய் பழுக்கும். சதையைக் கழுவிய விதையை ஈர மணலில் வைத்து, ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 8 வாரம். இதை உடனே முடித்து ஆடியில் விதைத்தது தப்பு: சூடு பட்டதும் விதை மறுபடி உறங்கிவிட்டது. ஆவணிக் கடைசியில் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐப்பசியில் மழை படாத கூரைக்கடியில், மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி கலந்து அரை அங்குல ஆழத்தில் விதைத்தபின் முளை கண்டது. தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து ஏறவிடவும். மேலே தெளித்தால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும்.