எல்க் விழுந்ததும் முதல் வேலை, சூட்டை வெளியேற்றுவது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 12 வயது நிரம்பிய பிள்ளை, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தால், பெரியவர் துணையோடு எல்க் மான் வேட்டைக்குப் போகலாம். சுட்டவுடன் பிள்ளை ஓடிப் போய்ப் பார்க்கத் துடிக்கும். பிடித்து உட்கார வையுங்கள். அரை மணி நேரம் விட்டால் அடிபட்ட மான் பக்கத்திலேயே படுத்துவிடும். துரத்தினால் மலை தாண்டிவிடும்.

அப்புறம் போட்டோ. இரண்டு நிமிடம் போதும்! வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ. தோலும் மயிரும் தடிமன் என்பதால் வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே சூடு தங்கி, தொடை எலும்பை ஒட்டிய சதை முதலில் கெடும். எனவே உடனே ஒரு பக்கத் தோலை உரித்து, அந்தப் பக்கத்து முன்னங்காலையும் தொடையையும் தனியாக எடுங்கள். பிறகு புரட்டிப்போட்டு மறுபக்கம். காற்றுப் போகும் துணிப் பையில் போட்டு நிழலில், கிளையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், இறைச்சி புழுங்கிவிடும்.

காலைத் தூக்கிப் பிடிக்கும் வேலை பிள்ளைக்கு. கத்தி, முதல் தடவை, உங்கள் கையிலேயே இருக்கட்டும். வேட்டை உரிமச் சீட்டில் கையெழுத்துப் போட்டு இறைச்சியோடு கட்ட மறக்காதீர்கள்.