நெட் அடிக்கடி அறுந்துபோகிறதா? கஸ்டமர் கேரைக் கூப்பிடும் முன் செய்து பார்க்க வேண்டியவை

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் எங்கள் வீட்டு நெட் தள்ளாட ஆரம்பிக்கும். வீடியோ காலில் அக்காவின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. இப்படியே மூன்று வாரம் ஓடியது. கஸ்டமர் கேருக்கு நான்கு தடவை போன் செய்தேன், நான்கு தடவையும் "ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்கள். டெக்னீசியன் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பகல் பதினோரு மணிக்கு. ஸ்பீடு பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வருது" என்று கிளம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வந்த நேரத்தில் நன்றாகத்தான் வந்தது.

கோளாறு எங்கே இருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்க நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. "நெட் சரியில்லை" என்று மொத்தமாகப் புலம்புவதை நிறுத்திவிட்டு, எந்தத் துண்டில் சரியில்லை என்று பார்த்தேன், அவ்வளவுதான். உங்கள் போனிலிருந்து ரவுட்டர் வரை வைஃபை, அது முதல் துண்டு. ரவுட்டரிலிருந்து ஜன்னல், மாடி, தெருக் கம்பம் என்று தாண்டி நிறுவனத்தின் கருவி வரை போகும் ஃபைபர் இரண்டாவது. அங்கிருந்து வெளியுலகம் மூன்றாவது. இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. இப்போது பெரும்பாலான வீடுகளில் ஃபைபர்தான் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

1. ஒரு காகிதமும் பேனாவும்

ரவுட்டர் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவையுங்கள். நெட் போகும்போதெல்லாம் மணி எத்தனை, எவ்வளவு நேரம், எந்தப் போனில் அல்லது டிவியில், அப்போது ரவுட்டரில் என்ன விளக்கு எரிந்தது என்று நான்கு நாள் குறியுங்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மழை பெய்தால் மட்டும் போகிறதா, கரண்ட் போய் வந்த பிறகா, ஒரு ரூமில் மட்டுமா என்பதெல்லாம் இந்தக் காகிதத்தில்தான் தெரியும். மாதக் கடைசியில் மட்டும் ஆமை வேகம் என்றால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். அன்லிமிடெட் என்று விற்கப்படும் பிளான்கள் பலவற்றில் மாதத்துக்கு 3300 ஜிபி போல ஒரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நிறுவனத்தின் ஆப்பில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

2. விளக்குகளைப் படியுங்கள்

ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் (சில வீடுகளில் அதுவே ரவுட்டர், சில வீடுகளில் தனி) 'பான்' என்றும் 'லாஸ்' என்றும் இரண்டு விளக்குகள் இருக்கும். பான் பச்சையாக அசையாமல் எரிந்தால் நிறுவனத்தின் கருவியோடு பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். பான் விடாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பேச முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. லாஸ் சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபரில் ஒளி போதிய அளவு வரவில்லை, அல்லது வரவே இல்லை. லாஸ் சிவப்பில் இருக்கும்போது பெட்டியை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. நேராகப் படி 5-க்குப் போங்கள்.

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து திரும்ப எரிகிறதா? அப்படியானால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று வருடம் ஓயாமல் சூடாகிக் கிடந்த அடாப்டர் தளர்ந்துபோய், ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். புதிது வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும். ஆம்ப் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1.5 ஆம்ப் என்று இருந்தால் 12 வோல்ட் 2 ஆம்ப் போடலாம், 1 ஆம்ப் போடாதீர்கள். பின் அளவையும் கடையில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

3. இரண்டு பிங்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிங் என்றால் ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. லேப்டாப்பில் விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்துக் கறுப்பு ஜன்னலைத் திறக்கவும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, ரவுட்டரின் முகவரி, மறுபடி ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி டி என்ற ஆங்கிலச் சின்ன எழுத்து. என்டர். ரவுட்டரின் முகவரி அதன் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அதே வரியை 8.8.8.8 என்ற முகவரியோடு ஓட விடுங்கள். அது கூகுளின் பொது சர்வர், எப்போதும் விழித்திருக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு நெட் போகும் நேரத்துக்குக் காத்திருங்கள். நிறுத்த வேண்டுமானால் கன்ட்ரோல் விசையோடு சி.

ஒவ்வொரு வரியின் நடுவிலும் 'டைம்' என்று ஒரு எண் வரும், மில்லி விநாடியில். ரவுட்டர் ஜன்னலில் 2, 3, 5 என்று வர வேண்டும். அது 200, 600 என்று துள்ளினாலோ 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தாலோ கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில்தான். ஏனென்றால் அந்தச் செய்தி தெருவுக்கே போகவில்லை, பக்கத்து அறை வரைதான் போய் வந்தது. ரவுட்டர் ஜன்னல் சாந்தமாக ஓடிக்கொண்டிருக்க, 8.8.8.8 ஜன்னல் மட்டும் திக்குகிறது என்றால் கோளாறு வெளியே போகும் துண்டில். இரண்டும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதற்குப் படி 6.

என் வீட்டில் ஆறரை மணிக்கு ரவுட்டர் ஜன்னல் ஒரு துளி அசையவில்லை. 8.8.8.8 ஜன்னலில் வரிசையாக டைம்டு அவுட். மூன்று வாரமாக நான் வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தது வீண் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

4. வைஃபைதான் என்றால்

முதலில் ரவுட்டருக்கு ஆறடி தூரத்தில் போனோடு நின்று பாருங்கள். அங்கே நன்றாக வந்து படுக்கையறையில் வரவில்லை என்றால் தூரமும் சுவரும்தான் காரணம். இணைப்பு கொடுக்க வந்தவர்கள் கேபிள் நுழைந்த மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அது அவர்களுக்கு வசதி. இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டி பக்கத்தில், ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். இரும்பும் தண்ணீரும் வைஃபைக்கு ஆகாது. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்கட்டும்.

பெயருக்குப் பின்னால் 5ஜி என்று போட்டு இன்னொரு வைஃபை தெரியும். அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒரே அறையில் இருந்தால் அதில் சேருங்கள், வேகம் கூடும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. தூரத்து அறைக்கு 2.4-தான். அந்த 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும். ரவுட்டரின் செட்டிங்ஸில் இந்த மூன்றையும் ஒரு நாளைக்கு ஒன்றாக மாற்றிப் பாருங்கள், எது பரவாயில்லையோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

இருநூறு சதுர அடிக்கு ஒரு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் தூரத்துக்குத் திரும்ப அனுப்பும் கருவி) வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு நீளமான லேன் கேபிள் வாங்கி டிவியை நேரடியாக இணைத்துவிடுங்கள். வீட்டில் அதிகம் இழுப்பது டிவிதான், அது வைஃபையை விட்டு இறங்கினாலே மற்றவற்றுக்கு மூச்சு வரும்.

லேன் கேபிளிலும் ஒரு கூத்து உண்டு. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருப்பீர்கள், கேபிளில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் எப்போது பார்த்தாலும் 94, 95-இலேயே நிற்கும். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம், அதில் கைக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும். ரவுட்டரின் போர்ட்டே 100 வரைதான் என்றால் ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

5. ஃபைபர்தான் என்றால்

ஃபைபர் என்பது தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை, அதற்கு மேலே உறை. செம்புக் கம்பி போல மடக்கிக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். இறுக்கி மடக்கினால் ஒளி வளைவில் வழிந்து வெளியே போய்விடும். கேபிளைப் பெட்டியிலிருந்து தெரு வரை கண்ணால் தொடருங்கள்: பீரோ காலடியில் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் சுற்றி இறுக்கியிருக்கிறார்களா, மாடியில் அணில் கடித்திருக்கிறதா, துணி காயப்போடும் கொடியோடு பின்னியிருக்கிறதா. பெட்டியில் நுழையும் பச்சை முனையைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துத் திருப்பிச் செருக வேண்டாம், ஒரு தூசி போதும் ஒளியை மறைக்க. நுனிக்கு நேராகக் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

இனி ஓர் எண். பிரவுசரில் ரவுட்டர் முகவரியை அடித்து உள்ளே போங்கள். நெட் இல்லாத நேரத்திலும் இந்தப் பக்கம் திறக்கும், பாஸ்வேர்டு அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' அல்லது 'ஆப்டிகல் பவர்' என்று டிபிஎம் கணக்கில் ஒரு கழித்தல் எண் இருக்கும், வந்து சேரும் ஒளியின் அளவு அது. டெக்னீசியன்கள் "பவர் எவ்வளவு வருது" என்று கேட்டுக்கொள்வது இதைத்தான். மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் நடுவில் இருந்தால் கவலை வேண்டாம். மைனஸ் 27-ஐ ஒட்டினால் இணைப்பு விட்டு விட்டு வரும். எண்கள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள்.

நான் பகலில் பார்த்தபோது மைனஸ் 20. சாயங்காலம் ஆறரைக்குப் பார்த்தால் மைனஸ் 28, அதாவது ஆறில் ஒரு பங்கு ஒளிதான் வருகிறது. பவர் பொழுது பார்த்து இறங்குமா என்று யோசித்துக்கொண்டே கேபிளைத் தொடர்ந்தேன். அது ஹால் ஜன்னலின் சட்டத்துக்குள் புகுந்து வெளியே போகிறது. கொசு வருமென்று அம்மா தினமும் ஆறரை மணிக்கு ஜன்னலைச் சாத்துவார். ஜன்னலைத் திறந்தேன், மைனஸ் 20. சாத்தினேன், மைனஸ் 28. டெக்னீசியன் வந்த பதினோரு மணிக்கு ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

6. டிஎன்எஸ்

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வேலை இது. நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்துக்கொண்டால் வாட்ஸ்அப் வரும், பிரவுசரில் ஒன்றும் திறக்காது. ரவுட்டரின் டிஹெச்சிபி அல்லது லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, அதற்கடுத்து 1.1.1.1 என்று போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

7. இப்போது கூப்பிடுங்கள்

கரண்ட் போனால் மட்டும் நெட் போகிறது, உங்கள் ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்தும் போகிறது என்றால், தெருவிலோ கேபிள் ஆபரேட்டரின் கடையிலோ இருக்கும் கருவிக்கு பேக்கப் இல்லை. இதற்கு நீங்கள் செய்யக்கூடியது புகார் மட்டும்தான்.

புகார் சொல்லும்போது "ஸ்லோவா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். நேரம், லாஸ் விளக்கின் நிறம், பவர் எண், எந்தப் பிங் விட்டது, எத்தனை நாளாக என்று காகிதத்தைப் பார்த்து வாசியுங்கள். அவர்கள் தரும் டாக்கெட் எண்ணை (புகார் எண்) அதே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்க்காமலே "சரிசெய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தால், அந்த எண்ணைச் சொல்லி நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2012 விதிமுறைகளின்படி அப்படியொரு பிரிவை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். டிராய்க்கே நேரில் எழுதிப் பலனில்லை, தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஐந்தாவது தடவை நான் போன் செய்தபோது, "ஜன்னலைச் சாத்தினால் மைனஸ் 28, திறந்தால் மைனஸ் 20" என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் ரவுட்டரை அணைக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை அதே டெக்னீசியன் வந்தார். இந்த முறை கையில் டிரில்லிங் மெஷின் இருந்தது.