வீட்டில் ஒருவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது உறவினர் கேட்டுப் பெற வேண்டியவை

மனநோய் தீவிரமான நிலையில் இருக்கும் ஒருவரை, அவரால் சம்மதம் சொல்ல இயலாத நிலையிலோ அவர் மறுக்கும் நிலையிலோ மருத்துவமனையில் சேர்க்க நேரும்போது, இந்தியாவில் அதை நெறிப்படுத்துவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், தந்தை, மனைவி, அண்ணன் என்ற உறவுமுறையை மட்டும் வைத்து யாருக்கும் அதிகாரம் தருவதில்லை. அது அதிகாரம் தருவது, நோயாளியின் சார்பில் செயல்படும் ‘நியமனப் பிரதிநிதி’ என்பவருக்கே. ஆகவே வீட்டார் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்பதைத்தான்.

நோயாளி தெளிவாக இருக்கும் காலத்தில், தாம் நம்பும் ஒருவரின் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ இட்டாலே போதும். அந்த நபரும் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இப்படி எழுதிவைக்கும் வழக்கம் இல்லாததால், தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று நோயாளி முன்கூட்டியே எழுதித் தந்த அறிவுறுத்தலிலும் யாரையும் குறிப்பிடாதபோது, உறவினர் ஒருவரும், அவரும் இல்லையென்றால் பராமரிப்பவரும் பிரதிநிதியாகக் கருதப்படுவர். உறவினர்களுக்குள் யார் முந்தியவர் என்று சட்டம் வரிசைப்படுத்தவில்லை. மருத்துவமனை வாசலில் மனைவியும் மைத்துனரும் வாதிடும் நிலை வராமலிருக்க, நல்ல நாளிலேயே அந்தத் தாளை எழுதி வாங்கிவிடுவது மிக அவசியம் என்று நான் கருதுகிறேன்.

சேர்க்கும்போது, எந்தப் பிரிவின்கீழ் அனுமதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 86ஆம் பிரிவு நோயாளி தாமே விரும்பிச் சேர்வது. அவரைத் தங்கவைக்க வீட்டாருக்கு உரிமை இல்லை. 89ஆம் பிரிவுதான் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் நடப்பது. இதற்கு, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நோய் இருப்பது மட்டும் போதாது. தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ள அண்மையில் முயன்றார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார், தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் ஆபத்தில் இருக்கிறார் என்பவற்றுள் ஒன்றாவது இருவரின் முடிவிலும் இருக்க வேண்டும். இந்த அனுமதியின் உச்ச வரம்பு 30 நாள். அதற்குமேல் நீடிக்க 90ஆம் பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்க இச்சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் தேவை. வெற்றுப் படிவத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள்; 30 நாள் முடியும் தேதியை அன்றே எழுதி வையுங்கள்.

உள்ளே இருக்கும் நாட்களில், நோயின் பெயர், சிகிச்சைத் திட்டம், மருந்தின் பக்க விளைவுகள் ஆகியவற்றைப் புரியும் மொழியில் அறியும் உரிமை நோயாளிக்கும் பிரதிநிதிக்கும் உண்டு. நோயாளியின் உடல் அசைவைக் கட்டுப்படுத்த நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் பிணைப்பதும் தனிமையில் அடைத்துவைப்பதும் முற்றிலும் தடைசெய்யப்பட்டவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்ததை அறிந்த நமக்கு, இத்தடையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதும் குற்றமே. பார்வையாளரைச் சந்திக்கும் உரிமையோடு, சந்திக்க மறுக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. நம்மைப் பார்க்க அவர் விரும்பாத நாட்கள் வரலாம், அவற்றை நாம் மதித்தாக வேண்டும்.

அனுமதி தவறென்று தோன்றினால், நோயாளியோ பிரதிநிதியோ மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 89ஆம் பிரிவின்கீழான அனுமதியைப் பற்றி வாரியம் 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அம்முடிவு மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும். வாரியத்தின் முடிவும் ஏற்புடையதல்ல எனில் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இவற்றுக்கெல்லாம் நோயாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். விண்ணப்பத்தில் சேர்த்த தேதி, பிரிவு, பரிசோதித்த மருத்துவர்கள், நோயாளி தம் வாயால் சொன்னவை ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். பிரதிநிதியின் கடமை தம் விருப்பத்தை அல்ல, நோயாளியின் முந்தைய, இப்போதைய விருப்பங்களை எடுத்துரைப்பது என்பதை அந்தத் தாளும் காட்ட வேண்டும்.

விடுவிக்கும் முன், அடுத்த சிகிச்சை எங்கே, எப்படி என்பதை மனநல மருத்துவர் நோயாளியோடும் பிரதிநிதியோடும் உடன் வசிக்கப்போகும் குடும்பத்தாரோடும் கலந்து திட்டமிட வேண்டும். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது அந்தத் திட்டம் ஆகாது. எந்த மருந்தை எத்தனை நாள், அடுத்து வர வேண்டிய தேதி, நள்ளிரவில் நிலை மோசமானால் அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்; அந்தத் தாளில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.