மொறிஸ் மைனருக்குப் புதுப் புஸ்: வீட்டு முற்றத்தில் செய்யும் முறை

மதகைக் கடக்கும்போது பின்பக்கத்தில் "டொக்" என்று ஒரு சத்தம். பிறேக் பிடித்தால் ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுக்கிறது. நேரான வீதியிலும் கார் தன்பாட்டில் அலைகிறது. இவற்றில் எது இருந்தாலும் உங்கள் மைனருக்கு முதலில் வேண்டியது பெயின்ற் அல்ல, புஸ். யாழ்ப்பாணத்தில் பழைய கார் திருத்துகிற பலர் சீற் துணியிலும் குரோமியத்திலும் காசைப் போட்டுவிட்டு, அடியில் இரும்பும் இரும்பும் சேருகிற இடங்களில் இருக்கிற இந்த இறப்பர்த் துண்டுகளைக் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். புஸ் மாற்றக் காருக்குக் கீழே போனால்தான் எங்கே துரு தின்றிருக்கிறது, எங்கே ஒட்டுவேலை வேண்டும் என்பது தெரியவரும். பெயின்ற் அடித்த பிறகு வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோவது வீண் செலவு.

என்னுடையது அப்பா ஓடிய மைனர் 1000, 948 சீசீ எஞ்சின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மைனரின் 1956 க்குப் பிந்திய வகை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராமல் இருந்தபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டி எங்கள் ஊர் காப்பாற்றி வைத்த கார்களில் இதுவும் ஒன்று. கீழே எழுதுவது மைனரை வைத்துத்தான். ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கம் வேறு, அதில் சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் அவர்களுக்கும் வில்லுத்தான் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), அந்தப் பகுதி பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் எந்தப் புஸ் போயிருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் வில்லின் முன் கண்ணில் ஒன்று, பின்முனையில் தொங்குகிற சக்கிள் என்கிற இணைப்பின் மேலும் கீழும். மதகில் கேட்கிற சத்தமும், ஒழுங்கைக்குள் திரும்பும்போது பின்பக்கம் ஆடுவதும் பெரும்பாலும் சக்கிளில் இருந்துதான் வரும். முன்பக்கம் சில்லைப் பிடிக்கிற கீழ்க்கையின் உட்பக்கத்தை ஐபோல்ட் என்கிற வளையபோல்ட் பிடித்திருக்கிறது, அதன் கண்ணுக்குள் இறப்பர். கீழ்க்கையில் இருந்து முன்னோக்கி ஓடுகிற ரை றொட்டின் முனையில் இரண்டு தடித்த இறப்பர். மேலே, ஷொக் அப்சோபரின் கையோடு ட்ரனியன் என்கிற மரை வைத்த இணைப்புத் துண்டு சேருகிற இடத்திலும் இறப்பர் உண்டு. மைனரில் அந்த ஷொக் அப்சோபரின் கைதான் சஸ்பென்சனின் மேல்கையும்.

பிறேக் பிடிக்கும்போது இழுப்பு இருந்தால் ரை றொட்டைப் பாருங்கள். சில்லு பின்னுக்குத் தள்ளப்படாமல் பிடித்து வைப்பது அதுதான். பிறேக் சிலிண்டரையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள், அதுவும் இழுக்க வைக்கும். ஐபோல்ட்டைப் பார்க்க ரோச் லைற் போதும்: கண்ணின் நடுவில் இருக்கவேண்டிய இரும்பு ஒரு பக்கமாக இறங்கி, மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருந்தால் இறப்பர் முடிந்துவிட்டது. மற்றவற்றை ஒரு நீள இரும்பால் மெல்ல நெம்பிப் பார்க்கலாம். இறப்பர் கொஞ்சம் அசைவது சரி. இரும்போடு இரும்பு முட்டுகிற சத்தம் வந்தால் மாற்றவேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைனரின் முன்சில்லு மடிந்து விழுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் புஸ் அல்ல, பெரும்பாலும் கீழ்ப்பக்கத்து ட்ரனியன். மரை வைத்த அந்தத் துண்டு கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால், சில்லு திரும்புகிற அச்சான கிங்பின் அதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். புஸ்ஸுக்காகக் கழற்றும்போது ட்ரனியனின் மரையையும் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டினால் தடதடவென்று ஆடுகிறதென்றால் புஸ் வேலையை நிறுத்தி முதலில் அதை மாற்றுங்கள். நான் மாதத்துக்கு ஒருக்கால் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்துக் கிறீஸ் அடிக்கிறேன். பாரம் இல்லாதபோதுதான் கிறீஸ் மரைக்குள் எங்கும் போகும்.

அடுத்தது புஸ் வாங்குவது. இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம், பஸ்ஸில் பார்சலாக வரும். கழற்றுவதற்கு முன்னமே புஸ் கையில் இருக்கட்டும். ஆனால் உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது என்பதைக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வில்லின் முன் கண்ணில் சிலதுக்கு இரண்டு பாதி இறப்பர், சிலதுக்கு இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய இறப்பர். இடையில் யாராவது மாற்றியிருந்தால் வருடத்தை வைத்துச் சொல்லமுடியாது. கையில் எடுத்ததும் விரலால் மடித்துப் பாருங்கள். அலுமாரியில் கிடந்து பழுதான இறப்பரில் மடிப்பில் மயிர்போல வெடிப்புத் தெரியும், அது வேண்டாம். இரண்டு பாதிகளையும் கண்ணில் வைத்தால் விளிம்புகள் இரும்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நட் இறுகும்போது அந்த மிச்சம்தான் அமுங்கிப் பிடிக்கிறது. விளிம்பு மட்டமாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

லேத்தில் நைலோன் கடைந்து போடலாமா என்று கேட்பார்கள். நான் போடமாட்டேன். நைலோன் லேசில் தேயாது என்பது உண்மை. ஆனால் இறப்பர் வாங்கிக்கொள்கிற அதிர்வு முழுவதும் தகட்டுக்குப் போகும். அறுபது வருடத் தகடு அது, சக்கிள் பிடிக்கிற இடம்தான் முதலில் வெடிக்கும். பொலியூரித்தேன் அதைவிட நல்லது, ஆனால் அதற்குச் சிலிக்கன் கிறீஸ் தேவை, இல்லாவிட்டால் எங்கள் செம்மண் புழுதியில் கீச்சிடும். மெதுவாக ஓடுகிற குடும்பக் காருக்கு இறப்பர்தான் சரி.

கருவிகளில் ஸ்பனர் மிக முக்கியம். மைனர் 1000 இன் நட்டுகள் அங்குலக் கணக்கு, எங்கள் கராஜ்களில் இருப்பதோ யப்பான் வாகனங்களுக்கான மில்லிமீற்றர் ஸ்பனர். 3/4 அங்குல நட்டுக்கு 19 மில்லிமீற்றர் நன்றாகவே உட்காரும். 1/2 அங்குலம் 12.7 மில்லிமீற்றர், அதற்கு 13 ஐப் போட்டால் துருப்பிடித்த நட் உருண்டுபோகும். 9/16 க்கு 14 போகாது, 15 சுழன்றுவிடும். இந்த இரண்டு அளவிலாவது அங்குல ஸ்பனரும் பொக்ஸ் ஸ்பனரும் வாங்கிவிடுங்கள்.

வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே எல்லா நட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்குகிற ஒயிலை நட்டின் மரையில் மட்டும் விடுங்கள். குருநகர், பாசையூர், பருத்தித்துறை என்று கடற்கரைப் பக்கம் நிற்கிற காருக்கு இன்னும் கூடுதல் நாள் தேவை.

முற்றத்து மண் இளகலாக இருந்தால் ஜக்கின் கீழ் தடித்த பலகை வையுங்கள். தூக்கியதும் காரைத் தாங்குகிற ஸ்ராண்டில் இறக்குங்கள். ஸ்ராண்ட் இல்லாவிட்டால் மரக்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். சீமெந்து புளக் கல் வேண்டவே வேண்டாம். அது முன்கூட்டி ஒரு சத்தமும் காட்டாமல் நொறுங்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது. நான் வேலை செய்யும்போது மருமகன் வெளியே நிற்பான், அவன் இல்லாத நேரம் கீழே படுப்பதில்லை.

பின்பக்கத்தில் தொடங்குங்கள், அது இலகு. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, வில்லின் முன் பிடிப்புக்குச் சற்று முன்னே உறுதியான சட்டத்தில் ஸ்ராண்ட் வையுங்கள். பிறகு அக்சிலின் கீழ் இன்னொரு ஜக் வைத்து, மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு உயரத்தில் சக்கிள் தளர்ந்து கையால் அசையும். வில் பாரத்தைத் தாங்கவும் இல்லை, அக்சில் வில்லை இழுக்கவும் இல்லை என்று அர்த்தம். அந்த உயரத்தில் வைத்துக்கொண்டு நட்டைக் கழற்றினால் சக்கிள் ஆணி தானாக வெளியே வரும். சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் உயரம் பிழை.

வராத புஸ்ஸை எரித்து எடுப்பது இங்கே பழக்கம். பின்பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. மைனரின் பெற்றோல் ராங்க் டிக்கித் தட்டின் கீழே, சக்கிளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இறப்பர்ப் புகையும் நெஞ்சுக்குக் கேடு. எங்கள் பக்கத்து லேத்துக்கார அண்ணை சொன்ன வழிதான் நான் செய்வது: "தம்பி, எரிக்காத. வாள் பிளேட்டைக் கண்ணுக்குள்ள விட்டு வெளிக்குழாயில ஒரு கீறு கீறு. அது சுருங்கி வந்திடும்." இறப்பரை முதலில் துளையிட்டு நடுக்குழாயை எடுத்துவிட்டு, பிளேட்டால் வெளிக்குழாயை மட்டும் அறுக்கவேண்டும். வில்லின் கண்ணில் வெட்டு விழாமல் அடிக்கடி நிறுத்திப் பாருங்கள், அந்த வெட்டிலிருந்துதான் பிறகு வில் வெடிக்கும்.

புஸ் வெளியே வந்ததும் சக்கிள் பிடிக்கிற சட்டத்தை ஸ்குறூட்ரைவரால் குத்திப் பாருங்கள். மைனர் உக்குகிற இடங்களில் இது முதன்மையானது. உள்ளே போனால் புது இறப்பர் பூட்டிப் பயனில்லை, ஒட்டுவேலை முதலில். நல்ல தகடென்றால் துருவைச் சுரண்டி, துரு எதிர்ப்புப் பெயின்ற் ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிடுங்கள்.

புது இறப்பரைத் தள்ளச் சவர்க்காரத் தண்ணி போதும், அல்லது சிலிக்கன் கிறீஸ். எஞ்சின் ஒயில், சாதாரணக் கிறீஸ், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் இயற்கை இறப்பரில் படக்கூடாது. பட்டால் ஊதி, மெதுமெதுவென்று ஆகி, பிய்ந்துவிடும். வில் கீச்சிடுகிறது என்று பழைய ஒயில் ஊற்றுவதும், அடியை மண்ணெண்ணெயால் கழுவுவதும் எங்களிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது! எங்கள் கார்களில் புஸ் நிலைக்காமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். இரும்புக் குழாய் உள்ள புஸ்ஸென்றால் ஒரு நீள மரைக்கம்பி, தடித்த வொஷர்கள், ஒரு பெரிய பொக்ஸ் மூன்றையும் வைத்து நட்டை இறுக்கி உள்ளே இழுக்கலாம். வொஷர் வெளிக்குழாயில் மட்டும் தாங்கட்டும்.

முன்பக்கத்தில் அவசரம் கூடாது. அங்கே ஸ்பிரிங்காக இருப்பது காரின் நீளப்பாட்டுக்கு ஓடுகிற, முறுகிக் கொடுக்கிற இரும்புத் தண்டான ரொர்ஷன் பார். கார் தன் பாரத்தில் நிற்கும்போது அது முறுகித்தான் இருக்கிறது. சில்லைக் கழற்றி, சட்டத்தை ஸ்ராண்டில் வைத்து, கீழ்க்கையின் வெளிமுனையில் ஜக் கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். பிறகு மேலே ஷொக் அப்சோபர் கையையும் ட்ரனியனையும் பிரியுங்கள். ஹப் வெளியே சாயும், அதைக் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள், பிறேக் குழாயில் தொங்க விடாதீர்கள். இப்போது ஜக்கை மிக மெதுவாக இறக்குங்கள். கை கீழே போகப் போக முறுக்கு அவிழும். கையை ஆட்டினால் எதிர்ப்பே இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த நட்டில் ஸ்பனர் வைக்கவேண்டும்.

பிறகு ரை றொட். இறப்பர், வொஷர் இருந்த வரிசையைப் போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கீழ்க்கை இரண்டு பாதியாகப் பூட்டப்பட்டது. முன்பாதி கழன்றதும் ஐபோல்ட்டின் முன் இறப்பர் தெரியும். பின்பாதி ரொர்ஷன் பாரின் பற்களில் உட்கார்ந்திருக்கிறது. அதை இழுக்கமுன் பாரிலும் கையிலும் ஒரே நேரில் சென்ரர் பஞ்சால் புள்ளி வையுங்கள். ஒரு பல் மாறினாலும் காரின் உயரம் மாறும். இரண்டு பக்கப் பாரையும் கழற்றினால் இடது, வலது என்று எழுதி வையுங்கள். அவை ஒன்றுக்கு மற்றது மாற்றக்கூடியவை அல்ல.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வேலையின் உயிர். புது இறப்பர் போட்ட எந்த நட்டையும் கார் தூக்கிய நிலையில் முழுதாக இறுக்காதீர்கள். இப்படியான புஸ் உருளுவதில்லை. இரும்பு இரண்டு பக்கமும் இறுகப் பிடித்திருக்க, இறப்பர் நடுவில் முறுகிக் கொடுக்கிறது. சில்லு தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலைதான் அதற்குச் சும்மா இருக்கும் நிலை. கார் நிலத்தில் இறங்கியதும், பிழிந்த ஈரத்துணியைப்போல எந்நேரமும் முறுகியபடியே இருக்கும். மதகில் இன்னும் முறுகும், கொஞ்ச நாளில் கிழியும். புதுப் புஸ் ஒரு மழைகாலம்கூடத் தாங்கவில்லை என்று வருகிற கார்களில் இறப்பரைக் குற்றம் சொல்லுமுன் இதைத்தான் நான் கேட்பேன்.

ஆகவே நட்டை விரலால் ஓடவிட்டு, வொஷர் தொடும் அளவுக்கு மட்டும் முடுக்கி, சில்லைப் பூட்டுங்கள். நான்கு சில்லின் கீழும் அகலப் பலகைகளை ஒரே உயரத்துக்கு அடுக்கி, ஒவ்வொரு முனையாகத் தூக்கி அதன்மேல் இறக்கி, சில்லுகளுக்கு மீண்டும் கட்டை கொடுங்கள். இரண்டு பேரை முன்சீற்றில் இருத்தி, காரை நாலு மூலையிலும் அமத்தி ஆட்டி விடுங்கள், வில் தன் இடத்துக்கு வரும். அப்புறம் கீழே போய் எல்லாவற்றையும் முழுதாக இறுக்குங்கள். நட் கழராமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்களில் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

முன்பக்கம் கை வைத்ததால் சில்லுகளின் நேரைப் பார்க்கவேண்டும். மைனருக்கு முன்சில்லுகள் முன்னே 3/32 அங்குலம், ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர், ஒடுங்கி நிற்கவேண்டும். நூல் கட்டிப் பார்த்தால் கராஜ்வரை ஓட்டிப்போகும் அளவுக்குக் கிட்டவாக வரும், சரியான அளவை அங்கே எடுப்பது நல்லது.

முதல் இருநூறு கிலோமீற்றர் ஓடியதும் திரும்பவும் பலகையில் ஏற்றி நட்டுகளைப் பாருங்கள். இறப்பர் அமுங்கி உட்கார்ந்திருக்கும், சிலது கால் சுற்று வாங்கும். கழற்றிய பழைய புஸ்களில் இரும்புக் குழாய் நல்லதாக இருப்பவற்றை எறியாதீர்கள். அடுத்தமுறை அளவு பொருந்தாத புஸ் வந்தால் லேத்தில் மாதிரியாகக் கொடுக்க அதுதான் உதவும். இடது வலது, முன் பின் என்று எழுதி ஒரு ரின்னில் போட்டு வையுங்கள்.