இன்ஃப்ரா பக்கம் மாறலாமா? முதலில் ஒரு டிஸ்க்கை நிரப்பிப் பாருங்கள்

குன்னூரில் வீட்டிலிருந்தே இன்ஃப்ரா வேலை, அதாவது அப்ளிகேஷன்கள் ஓடும் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பராமரிக்கும் வேலை, பார்க்கிறேன். டெவலப்பராக இருக்கும் தம்பி தங்கைகள் யோசனை கேட்டால், கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யச் சொல்வேன். உங்கள் அப்ளிகேஷனை ஒரு சின்ன லினக்ஸ் மெஷினில் நீங்களே ஏற்றி ஓடவிடுங்கள். பிறகு வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பாருங்கள்.

அப்ளிகேஷன் தன் நடப்பைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலை வளரவிட்டு டிஸ்க்கை நிரப்புங்கள். ஃபைலை அழித்த பிறகும் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் (df) கட்டளை 100% என்றே காட்டும். அப்ளிகேஷன் அதை இன்னும் திறந்து வைத்திருப்பதுதான் காரணம்; திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையைப் போட்டால் 'டெலிட்டட்' என்ற குறிப்போடு தெரியும். அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். இதைத் துருவும்போது நேரம் போனதே தெரியவில்லையா? தாராளமாக வாருங்கள். எரிச்சல்தான் வந்ததென்றால் அதையும் மதியுங்கள். நல்ல டெவலப்பராகவே இருப்பதில் குறைவொன்றுமில்லை.

கன்டெய்னர்களில் ஓடும் அப்ளிகேஷன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ், சர்வர் போன்றவற்றைக் கோடு எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்ம் இரண்டும் 2014-இல் வந்தவை. லினக்ஸும் நெட்வொர்க்கும் அவற்றுக்கு முந்தியவை, முதலில் படிக்க வேண்டியவையும் அவைதான்.

ஆன்-கால், அதாவது சர்வீஸ் நின்றால் எந்த நேரமும் எழுந்து கவனிக்கும் முறைப் பொறுப்பு, பற்றி இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள். 99.9% நேரம் ஓடும் என்று வாக்குக் கொடுத்த சர்வீஸ் 30 நாளில் சுமார் 43 நிமிடம்தான் நிற்கலாம். எத்தனை பேர் முறை மாற்றுகிறார்கள், ராத்திரி எழுந்தால் மறுநாள் ஓய்வு உண்டா? நம் மலையில் ஐப்பசி மழைக்கு மரம் விழுந்தால் கரண்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும். இன்வெர்ட்டரும் வேறு கம்பெனி சிம்மும் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இருக்கும் வேலையை விடுவதிலும் அவசரம் வேண்டாம். இப்போதைய டீமிலேயே டிப்ளாய்மென்ட் பைப்லைன் (எழுதிய கோடைச் சோதித்து சர்வரில் ஏற்றும் தானியங்கி ஏற்பாடு) பொறுப்பை மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள்.