தொப்பூர் இறக்கத்துல லோடு வண்டியை இறக்குறது எப்படி

ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரியில முடியுற 44ஆம் நம்பர் ரோடு 3,700 கிலோமீட்டருக்கு மேல. நாட்டுலயே நீளமான நெடுஞ்சாலை. நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல இது வாரணாசியில இருந்து வந்த என்.எச். 7. எங்க நாமக்கல் பழைய ஆளுங்க வாயில இன்னைக்கும் அது ஏழாம் நம்பர்தான். முட்டை பெங்களூருக்குப் போறதும் நாக்பூர் ஆரஞ்சு மதுரைக்கு வர்றதும் இதுலதான். வடக்கே இருந்து இந்த ரோட்டுல வர்ற லோடெல்லாம் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல தொப்பூர் கணவாயில இறங்கியாகணும்.

தம்பி, பார்த்தா மலைப்பாதை மாதிரியே தெரியாது. அகலமான ரோடு, வளைவும் பெருசா மிரட்டாது. அதுலதான் ஏமாறுறது.

பாளையம் டோல்கேட்டுல எப்படியும் நிக்கத்தான் போற. லாரி பிரேக் காத்துலதான் வேலை செய்யுது, அங்கேயே அந்தக் காத்து மீட்டரைப் பாரு. முள்ளு முழுசா ஏறாம கிளம்பாதே. இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடு. இதே லோடோட இந்த மேட்டை ஏறுனா எந்த கியர் போடுவியோ, அதே கியர்லயோ அதுக்கும் கீழ் கியர்லயோதான் இறங்கணும். பாதி இறக்கத்துல வேகம் எடுத்தப்புறம் குறைக்கலாம்னு நினைச்சா கியர் விழாது, வண்டி நியூட்ரல்லயே ஓடும். இஞ்சின் புகையை அடைச்சு வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தா போட்டுடு.

காலை பிரேக்குலயே வெச்சுத் தேய்க்காதே. அழுத்து, வேகம் குறையட்டும், விடு. தேய்ச்சுக்கிட்டே வந்தா சக்கரத்தோட சுத்துற பிரேக் டிரம் சூடாகி விரியும், அதை அழுத்திப் பிடிக்கிற லைனிங் பிடிக்காது. முதல்ல கருகல் வாசம் வரும். எனக்கு வந்துச்சு, ஆரஞ்சு லோடோட. டீசல் மிச்சம் பண்ணுன்னு ஓனர் சொன்னாருன்னு நியூட்ரல்ல விட்டேன். கடைசியில மலையோரத்து மண்ணுல ஏத்தித்தான் நிறுத்துனேன். கிளீனர் பையன் கட்டை போட்ட பிறகும் என் கால் நடுங்கிட்டே இருந்துச்சு.

அந்த மிச்சமும் பொய்க்கணக்கு. கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இப்போ வர்ற இஞ்சின் டீசலையே நிறுத்திடும். சக்கரம்தான் இஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா இஞ்சின் ஓடுறதுக்கே டீசல் குடிக்கும். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்குற புத்திசாலிகளும் உண்டு. பிரேக்குக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸர் ஓடாது, மிதிக்க மிதிக்கக் காத்து இறங்கிடும், ஸ்டியரிங்கும் கல்லாயிடும்.

கீழே இறங்கினதும் ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாரு, தொட்டுடாதே. தண்ணி ஊத்தாதே, டிரம் விரிசல் விடும். எல்லாம் கொதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சில்லுன்னு இருந்தா, அந்தப் பிரேக் பிடிக்கவே இல்லைன்னு அர்த்தம். சேலத்துல பட்டறையில காட்டிட்டு அப்புறம் கிளம்பு.